நகர நடுவில் ஒரு தீயணைப்பு நிலையம்: நாகர்கோவிலை முன்வைத்து

நாகர்கோவிலின் வணிகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும். வடசேரியில் தொடங்கி, 1893 முதல் நேரம் காட்டிக்கொண்டிருக்கும் மணிமேடையைத் தாண்டி, வேப்பமூடு, மீனாட்சிபுரம், செம்மாங்குடி ரோடு, செட்டிக்குளம் என்று சுற்றிக் கோட்டாறு கம்பளம் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால், மாவட்டத்தின் துணி, நகை, பாத்திரம், பலசரக்கு வியாபாரத்தில் பெரும்பகுதியைப் பார்த்தாயிற்று. இரண்டு பேருந்து நிலையங்களும் இதற்குள்தான். நாகராஜா கோவிலும், நீதிமன்றங்களும், பள்ளிகளும், திருமண மண்டபங்களும், லாட்ஜுகளும் இதை ஒட்டித்தான். இந்த வட்டத்துக்குள் ஒரு பெரிய தீ பிடித்தால் யார், எந்த வழியாக, எவ்வளவு தண்ணீரோடு வருவார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. நகர நடுவில் புதிதாக ஒரு தீயணைப்பு நிலையம் வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படிப்பட்டது என்பது அதிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டும். ஆனால் ‘தீயணைப்பு நிலையம்’ என்றதும் நம் மனத்தில் எழும் கட்டடம், நான்கு சிவப்பு லாரிகள் நிற்கும் கூடமும் குடியிருப்பும் கொடிக்கம்பமும் உள்ள வளாகம், நகர நடுவுக்கு ஒத்துவராது. அது விளிம்பில் இருக்க வேண்டியது. நடுவுக்குத் தேவை வேறு.

கன்னியாகுமரி ஒரு விசித்திரமான மாவட்டம். பரப்பு சுமார் 1,680 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18.7 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர்; அன்றைய தமிழகச் சராசரி 555. நகர்ப்புற மக்கள் விகிதத்தில் சென்னைக்கு அடுத்த இடம், நூற்றுக்கு 82 பேர். நெல்வயலும் தென்னையும் ரப்பரும் கண்ணில் படுவதால் வெளியூர்க்காரர்கள் இதைக் கிராமம் என்றே நினைக்கிறார்கள். அரசாங்கக் கணக்கில் இது ஏறத்தாழ ஒரே நீண்ட நகரம். நாகர்கோவில், கன்னியாகுமரி, தக்கலை, குளச்சல், குழித்துறை, குலசேகரம், கொல்லங்கோடு போன்ற ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. மாவட்ட வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் பரவல் மோசமில்லை. சிக்கல், அந்தப் புள்ளிகளுக்கு இடையே வீடும் கடையும் விடாமல் தொடர்வதில் இருக்கிறது.

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியானது. பக்கத்துப் பேரூராட்சிப் பகுதிகளும் சேர்ந்து இப்போது 52 வார்டுகள். பழைய நகராட்சி எல்லைக்குள்ளேயே 2011-இல் 2,24,849 பேர் இருந்தார்கள். மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டிகள் இரண்டு லட்சம் பேருக்கு ஒரு தீயணைப்பு நிலையம் என்கின்றன. குடியிருப்போடு கூடிய முழு நிலையத்துக்கு ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் நிலமும், துணை நிலையத்துக்கு 0.6 ஹெக்டேரும் கேட்கின்றன. தேசிய அளவிலான தீயணைப்பு ஆலோசனைக் குழு வேறு கோணத்தில் கணக்குப் போடுகிறது. நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். அழைப்பு வந்து 5 முதல் 7 நிமிடத்துக்குள் வண்டி சேர வேண்டும். கிராமப்புறத்துக்கு 20 நிமிடம். எந்தக் கணக்கை எடுத்தாலும் நாகர்கோவில் ஒரு நிலையத்தோடு நிறுத்திக்கொள்ளும் அளவைத் தாண்டிவிட்டது.

ஆனால் மாநகராட்சி நினைத்தால் நிலையம் கட்டிவிட முடியாது. 1992-இன் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகள் செய்யத்தக்க பணிகளின் பட்டியலைப் பன்னிரண்டாம் அட்டவணையாகச் சேர்த்தது. அதில் ஏழாவது இனம் தீயணைப்பு. மும்பையில் இன்றும் தீயணைப்புப் படை மாநகராட்சியுடையது. தமிழ்நாட்டில் அப்படியில்லை. 1908-இல் சென்னை நகரத்துக்கென்று தொடங்கிய படை வளர்ந்து, மாநில அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையாக நிற்கிறது. ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வாணையம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவருக்கும் ஒரே தேர்வு. நிலையம் அனுமதிப்பது சென்னை. நிலம் கொடுக்க வேண்டியது வருவாய்த் துறையோ மாநகராட்சியோ. கட்டட அனுமதி தருவது இன்னொருவர். தெருவில் வண்டி நிறுத்தத்தைக் கட்டுப்படுத்துவது போக்குவரத்துப் போலீஸ். மின்கம்பியைத் தூக்கிக் கட்டுவது மின்வாரியம். ஒரு நிலையம் இத்தனை மேசைகளைத் தாண்டி வர வேண்டும். தமிழகத்தில் பல நிலையங்கள் வாடகைக் கட்டடத்தில் வருடக்கணக்காக ஓடியதற்கு இதுவே காரணம்.

பணத்தைக் காரணம் சொல்ல முடியாது என்பது இப்போதைய நிலை. பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். கேட்கத் தெரிந்த மாவட்டத்துக்குக் கிடைக்கும்.

இனி நிமிடக் கணக்கு. வழிகாட்டிகள் ஏன் ஐந்து, ஏழு என்று அடம்பிடிக்கின்றன? அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுக்கூடம் இரண்டு வரவேற்பறைகளை அமைத்து எரித்துப் பார்த்தது. ஒன்றில் பழைய பாணி மரம், பருத்தி, கம்பளி. மற்றதில் இன்றைய நுரைமெத்தை, பாலியெஸ்டர், பிளாஸ்டிக். பழைய அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள 29 நிமிடம் பிடித்தது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அறை மொத்தமும் தீப்பிழம்பாகும் அந்தக் கட்டத்துக்குப் பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பதில்லை. வெளியே நிற்பவர் பக்கத்துக் கட்டடத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். செம்மாங்குடி ரோட்டுத் துணிக்கடையில் அடுக்கியிருப்பது எந்த அறையின் சரக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நான்கு நிமிடத்தில் வண்டி ஓடும் நேரம் ஒரு பகுதிதான். யாரோ புகையைப் பார்க்க வேண்டும். முதலில் தானே அணைக்கப் பார்ப்பார்கள். பிறகு முதலாளிக்கு போன் போகும். அதன் பிறகுதான் 101 அல்லது 112. நிலையத்தில் மணி அடித்து, உடை மாட்டி, வண்டி வாசலைத் தாண்ட ஒரு நிமிடம். போய்ச் சேர்ந்தபின் குழாய் விரிக்க இன்னும் இரண்டு நிமிடம். ஆகவே எவ்வளவு பக்கத்தில் நிலையம் இருந்தாலும், தீ பிடித்த அறையைக் காப்பாற்ற வண்டியை நம்ப முடியாது. பக்கத்து அறையை, பக்கத்துக் கடையை, பக்கத்துத் தெருவைத்தான் அது காப்பாற்றும். நெருக்கமாகக் கட்டிய ஊரில் அதுவே பெரிய காரியம்.

நிலையங்களை எத்தனை, எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நியூயார்க் நகரத்துக்காக ராண்ட் நிறுவனம் வேலை செய்த காலத்தில் பீட்டர் கோலெசரும் எட்வர்ட் பிளமும் 1973-இல் வெளியிட்டது: வண்டி சராசரியாக ஓட வேண்டிய தூரம், பரப்பை நிலையங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நிலையத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் பாதியாகாது. முப்பது சதவீதம்தான் குறையும். 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்றால் சராசரித் தூரம் சுமார் 2 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது 6 நிமிடம். வழிகாட்டியின் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. வேகம் 10 கிலோமீட்டராகக் குறைந்தால் 12 நிமிடம். கணக்கின் முழுச் செய்தியும் இங்கே இருக்கிறது. இன்னொரு நிலையம் கட்டித் தரும் லாபம் முப்பது சதவீதம். சாலை அடைபட்டால் நஷ்டம் நூறு சதவீதம்.

அதே நியூயார்க்கில் அந்தக் கணக்கு எப்படிப் பயன்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 1970-களில் பணமுடையில் இருந்த நகரம், மாதிரிகளைக் காட்டிச் சில தீயணைப்புப் பிரிவுகளை மூடியது. மூடப்பட்டவற்றில் பல, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த, தீ அதிகம் பிடிக்கும் பகுதிகளில் இருந்தவை. பிராங்க்ஸ் எரிந்த கதை உலகறிந்தது. எல்லாப் பழியையும் கணக்கின் தலையில் போடுவது நியாயமில்லை. வீட்டு உரிமையாளர்களின் காப்பீட்டு மோசடியும் இருந்தது. ஆனால் வண்டி சீரான வேகத்தில் ஓடும் என்றும், போகும் வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது என்றும் மாதிரி நினைத்துக்கொண்டது. ஒரு தீயில் மாட்டியிருக்கும் வண்டி இன்னொரு தீக்கு வராது.

நமக்கு இது வலம்புரிவிளையைப் பார்த்தால் புரியும். அங்குள்ள மாநகராட்சிக் குப்பைக் கிடங்கில் தீ பிடித்தால் அது ஒரு மணி நேரத்து வேலையல்ல. மேலே அணைந்து கீழே கனன்று, காற்று மாறியதும் மறுபடி எழும். வண்டி மாற்றி வண்டி தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கோட்டாற்றில் ஒரு கிடங்கு பற்றினால் தக்கலையிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோதான் வண்டி வர வேண்டும். நகரத்துக்கு இரண்டாவது நிலையம் கேட்பதற்கு மக்கள்தொகைக் கணக்கைவிட இது வலுவான காரணம் என்பேன்.

கம்பளத்துக்குள் நடந்தால் கேள்வி வேறு உருவம் எடுக்கும். காலையில் சரக்கு இறங்கும் நேரம். மினி லாரி ஒன்று தெருவின் பாதியை அடைத்து நிற்க, சுமடு எடுப்பவர்கள் அரிசிச் சாக்கைத் தோளில் வைத்து அதன் இடுக்கில் நுழைகிறார்கள். மறுபாதியில் டூவீலர்கள் சாய்ந்து நிற்கின்றன. கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். அதற்குக் கீழே பிளாஸ்டிக் குடங்கள் சரம்சரமாக. மேலே கேபிள் வயரும் மின்கம்பியும் பின்னிக் கிடக்கும். பழைய கடைகளில் ஓட்டுக்கூரைக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே பலகை அடித்த மச்சு, அதில்தான் சரக்கு. ஏறுவதற்கு ஒரு மர ஏணி. இந்தத் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீர் வண்டி இரண்டரை மீட்டர் அகலம். கதவைத் திறந்து ஆள் இறங்க, பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து குழாய் எடுக்க, நான்கு மீட்டர் வேண்டும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, உயர்மாடிக் கட்டடத்தின் நுழைவாயிலுக்கு 4.5 மீட்டர் அகலமும், வண்டி திரும்ப 9 மீட்டர் ஆரமும் கேட்கிறது. அந்த அளவுகளை இங்கே எங்கே தேடுவது?

வண்டி தெருமுனையில் நின்றுவிட்டால் மிச்சம் குழாய்தான். ஒரு குழாய் 15 மீட்டர். நூறு மீட்டர் உள்ளே எரிகிறதென்றால் ஏழு குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி, ஆள்கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். டூவீலர் ஸ்டாண்டில் குழாய் சிக்கும். மடிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். முன்னணித் தீயணைப்பாளர் கையசைத்து அழுத்தம் கேட்பது பம்பு அருகே நிற்பவருக்குத் தெரியாது. நிலையம் அரை கிலோமீட்டரில் இருந்தாலும் இந்த நூறு மீட்டரை அது குறைத்துத் தராது.

தமிழகத்தின் நகர மையத் தீ விபத்துகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. 2008 செப்டம்பர் 1-இல் சென்னை ரங்கநாதன் தெருவில் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று எரிந்தது. இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அந்தத் தெருவுக்குள் வண்டி நுழையப் பட்ட பாடு அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 2017 மே 31-இல் அதே தியாகராய நகரில், உஸ்மான் சாலை மேம்பாலத்தை ஒட்டிய ஏழு மாடி சென்னை சில்க்ஸ். வண்டிகளுக்கோ தண்ணீருக்கோ ஆளுக்கோ குறைவில்லை. சாலையும் பெரியது. ஆனாலும் ஒரு நாளைக்கு மேல் எரிந்தது, மறுநாள் அதிகாலை ஒரு பகுதி சரிந்தது, மிச்சத்தை இடித்துத் தள்ளினார்கள். கண்ணாடியும் தகடும் போர்த்தி மூடிய கட்டடத்துக்குள் புகை நிறைந்துவிட்டால், வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீர் தீயிருக்கும் இடத்துக்குப் போவதில்லை. அதிர்ஷ்டவசமாகக் கடை திறக்கும் முன்பே தீ தெரிந்தது. மாலை ஆறு மணிக்குப் பிடித்திருந்தால் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது.

மதுரை இன்னும் நெருங்கிய பாடம். 2020 தீபாவளியின்போது விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் தீ. பழைய கட்டடம். அணைத்துக்கொண்டிருந்தபோது இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். மரச்சட்டத்தையும் சுண்ணாம்புச் சுவரையும் நம்பி நிற்கும் கடைகள் விளக்குத்தூணில் மட்டுமா இருக்கின்றன? கோட்டாற்றில் எந்தக் கட்டடத்துக்குள் ஆள் போகலாம், எதற்குள் போகக்கூடாது என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்து வைப்பது, புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. 2018 பிப்ரவரி 2-இல் மீனாட்சி அம்மன் கோவில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததும் அங்கிருந்த கடைகளால் வந்த வினை.

நம் மாவட்டத்திலும் மரக்கூரைக்குக் குறைவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையைச் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஜூன் 2-இல் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கருவறையின் மேற்கூரை தீப்பிடித்து எரிந்தது. கேரள பாணிக் கூரை. காய்ந்த மரம், நெய்விளக்கு, கற்பூரம். மேற்கே போனால் ரப்பர்ஷீட் உலர்த்தும் புகைக்கூடுகள், தும்பு ஆலைகள், முந்திரி ஆலைகள். தீயின் வகை தெருவுக்குத் தெரு மாறும் மாவட்டம் இது.

மாடிக் கட்டட விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டாதது உயர்மாடிக் கட்டடம் அல்ல. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டால், உயர்மாடிக்குரிய கடுமையான நிபந்தனைகள் முழுதாகப் பொருந்தா. தீக்கு இந்த 18.30 தெரியாது. ஐந்து தளம் முழுக்கத் துணி அடுக்கிய கடையும், ஐந்து தளக் குடியிருப்பும் ஒன்றல்ல. உயரத்தை அளப்பவர்கள் சரக்கை அளக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ஒரு வண்டியில் சுமார் 4,500 லிட்டர். ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்து நிமிடம். இரண்டு குழாய் என்றால் ஐந்து நிமிடம். பிறகு வண்டி தண்ணீர் தேடிப் போக வேண்டும். லண்டனிலோ நியூயார்க்கிலோ நடைபாதைதோறும் தெருக்குழாய் முனை இருக்கிறது. வண்டி அங்கே பூட்டிக்கொள்கிறது. நாகர்கோவில் குடிக்கவே முக்கடல் அணையை நம்பிக் கோடையில் தட்டுப்பாடு பார்த்த ஊர். குழாயில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும் என்று எதிர்பார்ப்பது வீண். ஆனால் நாஞ்சில் நாட்டுக்கு வேறு சொத்து இருக்கிறது. ஒழுகினசேரியில் பழையாறு ஓடுகிறது. நகரைச் சுற்றிக் குளங்கள். கோவில் தெப்பக்குளங்கள் வேறு. இவற்றின் கரையில் வண்டி இறங்கி உறிஞ்ச ஒரு சரிவும், உறிஞ்சு குழாயும் அமைக்கப் பெரிய செலவில்லை. நகர நடுவில் பேருந்து நிலையம், சந்தை, பூங்கா என்று மாநகராட்சி எதைப் புதுப்பித்தாலும் அடியில் 50,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டி, அதன் மூடியில் சிவப்பு வண்ணம் அடித்து வைக்கலாம். குளத்தைத் தூர்த்து வளாகம் கட்டும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நகர நடுவுக்கு என்ன மாதிரி நிலையம் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல விடை வைத்திருக்கிறது. ஹில் தெருவில் 1908-இல் கட்டி முடித்த மத்தியத் தீயணைப்பு நிலையம், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்தச் செங்கல் கட்டடம், இன்றும் வேலை செய்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி அந்த நாடு இல்லை. குடியிருப்பு வளாகங்களின் நடுவே சின்னத் தீயணைப்பு முகாம்களை வைத்திருக்கிறார்கள். ‘ரெட் ரைனோ’ என்ற சிறிய வண்டி, நான்கைந்து பேர், தீயணைப்பு மோட்டார் சைக்கிள். எட்டு நிமிடத்துக்குள் சேர்வது இலக்கு. பெரிய வண்டி பின்னால் வரும்; சிறியது முன்னால் போய்த் தீயைத் தடுத்து நிறுத்தும்.

லண்டன் எதிர்த்திசைக்கு எடுத்துக்காட்டு. 2014 ஜனவரியில் சிக்கனத்துக்காகப் பத்து நிலையங்களை ஒரே நாளில் மூடினார்கள். அவற்றில் ஒன்று 1872-இலிருந்து ஓடிய கிளார்க்கன்வெல் நிலையம். நகர நடுவில் நிலத்தின் விலை ஏறும்போது, ஒரு நூற்றாண்டு நின்ற நிலையத்தைக்கூட நிலமாகப் பார்க்கத் தோன்றும் என்பதற்கு இது சாட்சி. நம் ஊரில் மையத்தில் இரண்டரை ஏக்கர் தேடினால், கிடைப்பதற்குள் பத்து வருடம் போய்விடும். கிடைத்தாலும் பத்து வருடத்தில் அதற்கு வணிக வளாகம் கேட்டு மனு வரும்.

ஆகவே என் யோசனை இது. முழு நிலையம், பயிற்சி மைதானமும் குடியிருப்பும் பெரிய தண்ணீர் லாரியும் மீட்பு ஊர்தியும் உள்ளது, அகலமான சாலையை ஒட்டி நகர விளிம்பில் அமையட்டும். சந்திப்பில் அல்ல, சந்திப்பில் வாசல் வைத்தால் சிவப்பு விளக்கில் தேங்கிய பேருந்தே முதல் தடை. ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் அல்ல. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் நின்ற தாழ்வான இடங்களில் நிச்சயமாக அல்ல. ஊர் மூழ்கும் நாளில் முதலில் வெளியே வர வேண்டியது அந்த வண்டி.

நகர நடுவுக்கு ஒரு துணை முகாம் போதும். இரண்டு சென்ட் கட்டடம், ஒரு சிறிய வண்டி, நீர்த்தூவல் கருவி பூட்டிய மோட்டார் சைக்கிள், எந்நேரமும் ஐந்தாறு பேர். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம். மாநகராட்சிக்குச் சொந்தமான ஏதாவது வளாகத்தின் சாலையோர முனை போதும். 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தபோது யாரும் அதற்கு மாளிகை கட்டவில்லை. சாலையோரம் நிறுத்தினார்கள், நிமிடம் குறைந்தது. தீபாவளி வாரத்தில் தீயணைப்புத் துறையே பெருநகரங்களில் நெரிசலான இடங்களில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் காவல் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும், நாகராஜா கோவில் தைத் தேருக்கும் பாதுகாப்புக்கு நிற்பதும் இதே வேலைதான். விழா நாளில் செய்வதைத் தினசரி ஆக்கக் கேட்கிறேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஐந்து பேர் நிற்கும் முகாமுக்கு மூன்று முறைக்கும் விடுப்புக்கும் சேர்த்துப் பதினெட்டு, இருபது பேர் வேண்டும். ஆளே இல்லாத துறையில் அவர்களை எங்கிருந்து எடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டடம் கட்டித் திறப்பு விழா நடத்துவது சுலபம், இருபது பணியிடத்துக்கு அரசாணை வாங்குவதுதான் கடினம். சிறிய வண்டியின் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பது இன்னொன்று. அதுவும் உண்மை, அதனால்தான் தொட்டியைச் சொன்னேன். இரவில் சைரன் சத்தம் குடியிருப்போருக்குத் தொல்லை என்பது மூன்றாவது. வேப்பமூட்டில் ஏற்கெனவே இருக்கும் ஏர்ஹாரனைக் கேட்டவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

தீயணைப்பு வீரர்களின் நாள் தீயோடு மட்டும் கழிவதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, சாலையில் நசுங்கிய கார், ஆற்றில் போனவர். துறையின் பெயரிலேயே மீட்பு இருக்கிறது. தமிழகம் முழுவதும் தீ அழைப்புகளைவிட மீட்பு அழைப்புகளே அதிகம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது சாலைகளை மறித்து விழுந்த மரங்களை அறுத்து வழி திறந்ததில் அவர்கள் பங்கு பெரிது. நகர நடு முகாமில் மரம் அறுக்கும் எந்திரமும் லிஃப்டில் மாட்டியவரை மீட்கும் கருவியும் இருந்தால், தீ பிடிக்காத நாள்களிலும் அதற்கு வேலை இருக்கும்.

இதையெல்லாம் செய்தாலும், கும்பகோணத்தை மறக்க முடியாது. 2004 ஜூலை 16-இல் அங்கே பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்ததற்கு நிலையம் தூரத்தில் இருந்தது காரணமல்ல. கீற்றுக் கொட்டகை, சமையல் நெருப்பு, தப்பிக்க முடியாத நெருக்கமான கட்டடம். அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்திலும் கூரைப்பந்தல்தான் எமனாயிற்று. நிலையம் எங்கே என்பதைவிட வெளியேறும் வழி எங்கே என்பதே இந்த இரண்டிலும் உயிர் போன கேள்வி. மாடிப்படியில் அட்டைப்பெட்டி அடுக்கும் கடையை எந்த நிலையமும் காப்பாற்றாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், மாநகராட்சி உறுப்பினர்களுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும். அடுத்த தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், நாகர்கோவில் நிலையத்திலிருந்து ஒரு வண்டியைக் கோட்டாறு கம்பளத்துக்கும், இன்னொன்றைச் செம்மாங்குடி ரோட்டுக்கும் அனுப்புங்கள். மணி அடித்தது முதல் குழாயில் தண்ணீர் வரும் வரை நேரம் குறித்து, எந்த இடத்தில் எதனால் நின்றது என்பதையும் சேர்த்து, அந்த எண்ணைப் பத்திரிகைகளுக்குக் கொடுங்கள். புதிய நிலையத்துக்கான கோரிக்கை மனுவின் முதல் பக்கத்தில் அந்த எண் இருக்க வேண்டும்.